இராமானுஜனை நாம் அறிவோமா?



உங்கள் வீட்டுப் பிள்ளையை அழைத்து நியூட்டன் யார் என்று கேட்டுப் பாருங்கள். தலையில் ஆப்பிள் விழுந்தவர் என்று பதில் வரும். (பழம் விழக் கண்டதாகத்தான் அவர் சொன்னார், தலையில் விழுந்தது பிற்காலத்தார் சேர்த்தது.) ஆர்க்கிமிடீஸ் என்றால் குளியல் தொட்டி. நம் இராமானுஜன் என்றால் டாக்ஸி நம்பர் 1729.

அந்தக் கதை உங்களுக்கும் தெரிந்ததே. இங்கிலாந்தில் நோயுற்றுக் கிடந்தவரைப் பார்க்கப் பேராசிரியர் ஹார்டி டாக்ஸியில் வந்தார். வண்டியின் எண் 1729, சுவையற்ற எண் என்றார். படுத்திருந்தவர் உடனே மறுத்தார். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய எண்களில் அதுவே மிகச் சிறியது என்றார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும், 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729. பிள்ளைகள் போட்டுப் பார்க்கட்டும்.

இதைப் பலர் ஏதோ மந்திரம் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பல வருஷங்களுக்கு முன்பே அவர் அதைத் தம் நோட்டில் எழுதி வைத்திருந்தார். காகிதத்துக்குப் பணமின்றிச் சிலேட்டில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்தவர் அவர். 1887-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தார். மற்றப் பாடங்களில் மனம் செல்லாமல் கல்லூரிப் பரீட்சையில் தவறினார். உபகாரச் சம்பளமும் போயிற்று. 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. மறு வருஷம் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார், 1914-இல் கப்பலேறினார்.

கேம்பிரிட்ஜில் நடந்த வேடிக்கை ஒன்று உண்டு. இரவில் குளிர் தாங்காமல், மேல்கோட்டோடு சால்வையையும் போர்த்திப் படுப்பதாக மகலனோபிஸ் என்ற வங்காள மாணவரிடம் அவர் சொன்னார். மாணவர் கட்டிலைப் பார்த்தார். கம்பளிகள் இருக்கவே இருந்தன. ஆனால் விரிப்புக்கு அடியில் ஒழுங்காகச் செருகப்பட்டிருந்தன. இவர் அவற்றின் மேலேயே படுத்து வந்திருக்கிறார்! விரிப்பை விலக்கி உள்ளே நுழைய வேண்டுமென்று மாணவர் காட்டிக் கொடுத்தார். படித்தபோது நானும் சிரித்தேன். பிறகு, அத்தனை இரவுகள் நடுங்கியும் கேட்க ஒருவரில்லாமல் இருந்தாரே என்று தோன்றியது. யுத்த காலம், சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. 1917-இல் படுக்கையில் விழுந்தார். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற கௌரவம் வந்தது. 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று சென்னையில் காலமானார். வயது 32.

டாக்ஸிக் கதை தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு ஜானகி அம்மாளைத் தெரியும்? இராமானுஜனின் மனைவி. கடைசி நாட்களில் அவர் படுக்கையிலிருந்தே கணக்கு எழுதியபோது அருகிருந்து பணிவிடை செய்தவர். அந்த நாட்களின் கையெழுத்துப் பக்கங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை கேம்பிரிட்ஜ் நூலகம் ஒன்றில் கேட்பாரற்றுக் கிடந்து, 1976-இல்தான் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்க அறிஞரின் கண்ணில் பட்டன. அம்மாளோ 21 வயதில் விதவையாகி, நம் மணவூரிலிருந்து ரயிலேறிப் போய்வரும் தூரத்திலுள்ள திருவல்லிக்கேணியில் தையல் வேலை செய்து பிழைத்தார். கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அந்தச் சிலை என்று முதிய வயதில் பத்திரிகைக்காரரிடம் கேட்டார்.

அந்தச் செய்தியைப் படித்து மனம் வருந்திய ஆஸ்கி என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர், பல நாட்டு அறிஞர்களிடம் பணம் சேர்த்து வெண்கல மார்பளவுச் சிலை ஒன்று செய்வித்தார். அது அம்மாளின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அவர் 1994-இல், 95-ஆம் வயதில் இறந்தார்.