குறி தவறாத பெண்: ஆனி ஓக்லி (1860 - 1926)

அமெரிக்காவுக்குக் குடிபெயரும் நம்மவர்களை முதலில் திகைக்க வைப்பவற்றுள் ஒன்று, அந்நாட்டு மக்களில் பலர் துப்பாக்கியின்பால் கொண்டிருக்கும் பற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு சுடுதளத்துக்குப் போகிறார்கள். தாத்தாவின் ரைஃபிளுக்குப் பேரன் எண்ணெய் பூசிப் போற்றிக் காக்கிறான். நமக்கோ துப்பாக்கி என்றால் காவல்துறையும் இராணுவமும்தான் நினைவுக்கு வரும். ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு அது இழப்பின் நினைவாகவே இருக்கிறது. கொல்வதற்கென்று செய்யப்பட்ட ஒரு கருவி எப்படிப் பொழுதுபோக்காகவும், கலையாகவும், சிலருக்கு ஏறக்குறைய வழிபாடாகவும் ஆகிறது என்ற கேள்வி நம்மில் பலருக்கு உண்டு. இதற்கு விடை தேடப் புள்ளிவிவரங்களைவிட ஒரு வாழ்க்கை வரலாறு அதிகம் உதவக்கூடும். அந்த வரலாறு ஐந்தடி உயரமே இருந்த ஒரு பெண்ணுடையது. உலகம் அவரை ஆனி ஓக்லி என்று அறியும்.

பசியில் பிறந்த பயிற்சி

1860-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 13-ஆம் நாள், ஓஹையோ மாநிலத்தின் டார்க் மாவட்டத்தில் ஒரு மரக்குடிசையில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஃபீபி ஆன். பெற்றோர் குவேக்கர் நெறியைச் சார்ந்தவர்கள். போரையும் வன்முறையையும் மறுக்கும் அந்தச் சமயப் பிரிவிலிருந்து, உலகின் மிகப் புகழ்பெற்ற துப்பாக்கிக்காரி தோன்றியது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஆனிக்கு ஐந்து வயது இருக்கும்போது தந்தை ஜேக்கப் கடும் பனிப்புயலில் சிக்கி வீடு திரும்பினார். அதன்பின் அவர் தேறவில்லை. 1866-இல் நிமோனியாவில் இறந்துபோனார். பிள்ளைகள் பலர், வருமானம் இல்லை. ஏழு வயதுச் சிறுமி காட்டில் பொறி வைத்துச் சிறு விலங்குகளையும் பறவைகளையும் பிடித்து வந்து அடுப்படியில் சேர்த்தாள். எட்டு வயதில் கணப்படுப்பின் மேலே மாட்டியிருந்த தந்தையின் பழைய துப்பாக்கியை எடுத்து ஓர் அணிலைச் சுட்டாள். அவளுடைய வாழ்வில் அதுவே முதல் வேட்டு.

ஆனால் அந்தத் துப்பாக்கியால் குடும்பத்தின் வறுமையை உடனே துரத்த முடியவில்லை. 1870-இல் அவள் மாவட்ட ஏழைகள் விடுதிக்கு அனுப்பப்பட்டாள். அங்கே தையற்கலை கற்றாள். பின்னர் அங்கிருந்து, கூலியும் படிப்பும் தருவதாக வாக்களித்த ஒரு குடும்பத்துக்கு வேலைக்குப் போனாள். கிடைத்ததோ அடியும் பட்டினியும்தான். இரண்டாண்டுகள் கழித்து அங்கிருந்து தப்பி ஓடி வந்தாள். பிற்காலத்தில் அந்தக் குடும்பத்தைப் பற்றி எழுதும்போது ஓநாய்கள் என்று மட்டுமே குறிப்பிட்டார். அவர்களின் பெயரைக் கடைசிவரை வெளியிடவில்லை.

வீடு திரும்பியவள் வேட்டையைத் தொழிலாக்கிக் கொண்டாள். காடையும் முயலும் பிற காட்டுப் பறவைகளும் கிரீன்வில் ஊர்க் கடைக்காரர் வழியாகச் சின்சினாட்டி நகர உணவு விடுதிகளுக்குப் போயின. விலங்கின் தலையை மட்டுமே குறிவைத்துச் சுடுவாள் என்பதால் இறைச்சியில் ஈய ரவை இருக்காது. அதனால் அவள் அனுப்பிய சரக்குக்கு மதிப்பு அதிகம். இந்த வருமானத்தில் பதினைந்து வயதுக்குள் தாயின் பண்ணை மீதிருந்த அடமானக் கடனை முழுவதும் அடைத்துவிட்டாள். இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. துப்பாக்கி அவளுக்கு வீரத்தின் சின்னமாக வரவில்லை. அடுத்தவர் வீட்டு அடிமைத்தனத்திலிருந்து காத்த கருவியாகவே வந்தது. அதன்மேல் பிறந்த பற்றின் ஆணிவேர் அங்கேதான் இருக்கிறது.

தோற்றவர் கணவரானார்

ஃபிராங்க் பட்லர் அயர்லாந்தில் பிறந்து சிறுவயதில் அமெரிக்கா வந்தவர். ஊர் ஊராகப் போய் மேடையில் குறிபார்த்துச் சுட்டுக் காட்டுவது அவர் தொழில். சின்சினாட்டிக்கு வந்தபோது, உள்ளூர்க்காரர் யார் வந்தாலும் வெல்வேன் என்று 100 டாலர் பந்தயம் கட்டினார். எதிரில் வந்து நின்றது ஓர் ஒல்லியான பெண். ஆளுக்கு 25 இலக்குகள். பட்லர் ஒன்றைத் தவறவிட்டார். ஆனி ஒன்றையும் தவறவிடவில்லை.

தோற்ற ஆண்மகன் கோபித்துக்கொண்டு போகவில்லை. காதல் கொண்டார்; மணந்தும் கொண்டார். திருமணம் 1876-இல் நடந்ததாக மரபாகச் சொல்லப்படுகிறது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்து வின்ட்சர் நகரில் 1882 ஜூன் மாதம் பதிவான சான்றிதழும் இருக்கிறது. பிற்காலத்தில் ஆனி தம் வயதில் ஆறு ஆண்டுகளைக் குறைத்துச் சொல்லி வந்ததும் இந்த ஆண்டுக் குழப்பத்தைக் கூட்டியது. லில்லியன் ஸ்மித் என்ற பதினொரு வயது இளைய துப்பாக்கிக்காரி போட்டிக்கு வந்ததே அந்தப் பொய்க்குக் காரணம் என்பர்.

1882-இல் பட்லரின் மேடைத் துணைவர் நோயுற, அவர் இடத்தில் ஆனி ஏறினார். ஓக்லி என்ற மேடைப் பெயரும் வந்தது. சில ஆண்டுகளுக்குள் பட்லர் தாம் சுடுவதை விட்டுவிட்டு, மனைவியின் மேலாளராகவும் இலக்குகளை ஏந்தி நிற்பவராகவும் மாறினார். தம்மைவிடத் திறமையானவர் மனைவி என்பதை வெளிப்படையாக ஏற்று, அவர் வெளிச்சத்தில் நிற்கத் தாம் ஒதுங்கிய ஆண்கள் அந்த நூற்றாண்டில் அரியவர்கள். இந்த நூற்றாண்டிலும் மலிந்துவிடவில்லை.

வேட்டுச் சத்தத்தைப் பழக்கிய கலை

1884-இல் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில் ஆனியின் நிகழ்ச்சியைப் பார்த்தவர்களுள் லகோட்டா மக்களின் தலைவர் சிட்டிங் புல்லும் ஒருவர். 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் அமெரிக்கப் படையைத் தோற்கடித்த மக்களின் தலைவர் அவர். ஆனியை மகளாக ஏற்று, குறிதவறாத சின்னவள் என்ற பொருளில் தம் மொழியில் ஒரு பெயரும் சூட்டினார். துப்பாக்கியால் நிலமிழந்த இனத்தின் தலைவர், துப்பாக்கித் திறனுக்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மகளாக்கிக் கொண்டார். 1890 டிசம்பரில் அவரைக் கைது செய்ய வந்தவர்களின் துப்பாக்கிக் குண்டுக்கே அவர் பலியானார்.

1885-இல் எருமை பில் என்று பெயர் பெற்ற வில்லியம் கோடியின் 'வைல்ட் வெஸ்ட்' காட்சிக் குழுவில் ஆனி சேர்ந்தார். அதே ஆண்டில் 5,000 கண்ணாடி உருண்டைகளை வீசச் செய்து, ஒன்பது மணி நேரத்தில் 4,772-ஐ உடைத்துக் காட்டினார். மேடையில் அவர் செய்தவற்றைக் கேட்டால், கிளியின் கண்ணை மட்டுமே கண்ட அருச்சுனன் கதை நமக்கு நினைவுக்கு வரும். தொண்ணூறு அடி தூரத்தில் விளிம்பு மட்டும் தெரியும்படி பிடித்த சீட்டைப் பிளப்பார். மேலே வீசிய சில்லறைக் காசைத் துளைப்பார். முதுகைத் திருப்பி நின்று, கண்ணாடியில் பிம்பம் பார்த்துத் தோளுக்கு மேலாகச் சுடுவார். கணவரின் உதட்டிலிருக்கும் சிகரெட்டைத் தட்டிவிடுவார். கடைசியாகச் சொன்னதைக் குறித்தன்மை என்று மட்டும் சொல்வது போதாது. அதில் ஒரு தாம்பத்தியத்தின் நம்பிக்கை முழுவதும் அடங்கியிருந்தது.

அந்தக் குழுவில் ஆனிக்கு இன்னொரு பணியும் இருந்தது. வேட்டுச் சத்தத்துக்குப் பெண்களும் குழந்தைகளும் அஞ்சினார்கள். ஆகவே நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே ஆனியை அனுப்பினார்கள். கையால் தைத்த எளிய உடையில் துள்ளிக் குதித்து வந்து, கூட்டத்தை நோக்கி முத்தங்களை வீசி, முதலில் மெல்லிய வெடியுடன் சுட்டு, படிப்படியாகச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். அவர் முடிப்பதற்குள் கூட்டம் பயம் தெளிந்திருக்கும். அதன்பின் எத்தனை வேட்டு வெடித்தாலும் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஒரு சமூகம் துப்பாக்கியை எப்படி விரும்பக் கற்றது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் காட்டாது. இரத்தம் அகற்றப்பட்டது, அச்சம் அகற்றப்பட்டது, கண்ணும் கையும் மூச்சும் ஒன்றுபடும் அழகு மட்டும் மிஞ்சியது. 1880-இல் சின்சினாட்டிக்காரரான ஜார்ஜ் லிகோவ்ஸ்கி களிமண் வட்டுக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்ட போட்டிகளின் இடத்தை அந்த வட்டுகள் மெல்ல மெல்லப் பிடித்தன. சாகாத இலக்கு கிடைத்தவுடன் சுடுதல் விளையாட்டாயிற்று. ஆனால் அதே கூடாரத்தில், பழங்குடியினரை வெள்ளையர்கள் வெல்லும் காட்சிகளும் நடித்துக் காட்டப்பட்டன என்பதை மறந்துவிடக் கூடாது. அழகையும் பொய்யையும் ஒரே நுழைவுச்சீட்டில் விற்றார்கள்.

1887-இல் விக்டோரியா அரசியாரின் பொன்விழாவையொட்டி இலண்டனிலும், 1889-இல் பாரிஸிலும் ஆனி புகழ்பெற்றார். 1894-இல் எடிசனின் கூடத்தில் அவர் சுடுவதைப் படம் பிடித்தார்கள். சில நொடிகளே ஓடும் அந்தச் சலனப்படம் இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

பெயருக்காக ஒரு போர்

1901 அக்டோபரில் வட கரோலினாவில் நடந்த இரயில் விபத்துக்குப் பின் ஆனி கோடியின் குழுவை விட்டு விலகினார். ஆனால் அவர் வாழ்வின் கொடிய காயம் 1903 ஆகஸ்டில் பட்டது. கொக்கெய்ன் வாங்கத் திருடியதற்காக ஆனி ஓக்லி சிகாகோவில் சிறைப்பட்டார் என்று செய்தித்தாள்கள் எழுதின. பிடிபட்டவர் வேறொரு மேடைக் கலைஞர். ஓக்லி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டவர். அந்நேரத்தில் ஆனி சிகாகோவிலேயே இல்லை. விசாரிக்காமல் நாடு முழுவதும் ஏடுகள் அதை மறுபதிப்பு செய்தன.

பல ஏடுகள் வருத்தம் தெரிவித்தன. ஆனி அதோடு விடவில்லை. 55 செய்தித்தாள்கள் மீது வழக்குத் தொடுத்தார். அந்தச் செய்தியைப் பரப்பிய பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹேர்ஸ்ட், ஆனியின் பழைய வாழ்வில் கறை தேட ஓஹையோவுக்குத் துப்பறிவாளரை அனுப்பினார். கறை ஒன்றும் அகப்படவில்லை. சுமார் ஏழு ஆண்டுகள் நீதிமன்றம் நீதிமன்றமாக ஏறி இறங்கி, 55-இல் 54 வழக்குகளில் ஆனி வென்றார். கிடைத்த இழப்பீடு செலவைவிடக் குறைவு. மேடையில் சம்பாதித்திருக்க வேண்டிய ஆண்டுகளும் போயின. ஏழைகள் விடுதியிலிருந்து நடந்து வந்த ஒரு பெண்ணுக்கு நற்பெயர் ஒன்றே சொத்து. அதற்கு விலையாக அவர் எதையும் கொடுக்கத் தயாராக இருந்தார்.

பெண் கையில் துப்பாக்கி

1898-இல் ஸ்பெயினுடன் போர் மூளும் வேளையில், சொந்தத் துப்பாக்கியும் தோட்டாவும் கொண்ட 50 பெண் குறிசுடுநர்களைத் தருவதாகக் குடியரசுத் தலைவர் மெக்கின்லிக்கு ஆனி கடிதம் எழுதினார். ஏற்கப்படவில்லை. 1917-இல் உலகப்போரின்போது மீண்டும் அத்தகைய யோசனையை முன்வைத்தார். அதற்கும் பயனில்லை. படைமுகாம்களுக்குச் சென்று சுட்டுக் காட்டியதோடு நிறைவு கொண்டார்.

வட கரோலினாவின் பைன்ஹர்ஸ்டில் பல பெண்களுக்கு அவர் சுடக் கற்றுக் கொடுத்தார். குழந்தையைக் கையாளுவதுபோல் துப்பாக்கியையும் இயல்பாகக் கையாளப் பெண்கள் பழக வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனாலும் பெண்களின் வாக்குரிமை இயக்கத்தை அவர் ஆதரிக்கவில்லை. குதிரையில் ஒருபக்கமாக அமர்ந்தே சவாரி செய்தார். இந்த முரண்களை மறைத்து அவரை இன்றைய போராளியாகச் சித்திரிப்பது நியாயமாகாது. அவர் வாதாடிப் பெற்ற உரிமைகள் குறைவு. செய்து காட்டிப் பெற்றவை அதிகம்.

1946-இல் அவர் வாழ்வை வைத்து நியூயார்க்கில் ஓர் இசைநாடகம் அரங்கேறியது. அதில் காதலனை அடைவதற்காகக் கதாநாயகி கடைசிப் போட்டியில் வேண்டுமென்றே தோற்கிறாள். உண்மையில் ஆனி வென்றதால்தான் காதல் பிறந்தது. நடந்ததைத் தலைகீழாக்கினால்தான் மக்கள் ஏற்பார்கள் என்று கலைஞர்கள் எண்ணியிருக்கிறார்கள். 1992-இல் பார்சலோனா ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பங்கேற்ற ஸ்கீட் போட்டியில் சீனாவின் ஜாங் ஷான் தங்கம் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில் அந்தப் போட்டி ஆண்களுக்கு மட்டும் என்றாயிற்று. பெண்களுக்கென்று தனி ஸ்கீட் போட்டி 2000-இல்தான் வந்தது. குறிதவறாத பெண்ணை எங்கே நிறுத்துவது என்ற குழப்பம் உலகுக்கு நெடுநாள் இருந்திருக்கிறது.

இறுதி நாட்கள்

1922-இல், அறுபத்திரண்டு நெருங்கும் வயதிலும் தொடர்ந்து 100 களிமண் வட்டுகளை ஒன்றும் தவறாமல் உடைத்தார். அவ்வாண்டின் இறுதியில் கார் விபத்தில் இடுப்பும் காலும் முறிந்தன. தேறிவந்து, காலில் இரும்புத் தாங்கியுடன் மீண்டும் சுட்டார். தாம் பெற்ற பதக்கங்களை உருக்கி விற்று அந்தப் பணத்தை அறப்பணிக்குக் கொடுத்துவிட்டார். பதக்கங்களுக்காகத்தான் சுட்டார் என்று யாரும் சொல்ல அவர் இடம் வைக்கவில்லை.

1926 நவம்பர் 3-ஆம் நாள், பிறந்த மாவட்டத்தின் கிரீன்வில்லில் ஆனி ஓக்லி காலமானார். பதினெட்டு நாட்கள் கழித்து ஃபிராங்க் பட்லரும் மறைந்தார். ஐம்பது ஆண்டுகள் அவருக்காக இலக்கை ஏந்தி நின்றவர், மனைவி போனபின் உணவை ஒதுக்கிவிட்டார் என்று சொல்வார்கள். இருவரையும் டார்க் மாவட்டத்திலேயே அருகருகே அடக்கம் செய்திருக்கிறார்கள்.

துப்பாக்கி மீதான மோகத்தை இந்த ஒரு வாழ்வைக் கொண்டு நியாயப்படுத்திவிட முடியாது. அக்கருவி அமெரிக்கப் பள்ளிக்கூடங்களிலும் தெருக்களிலும் பறிக்கும் உயிர்களின் கணக்கு ஒருபுறம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அந்த மோகத்தை வெறும் கொலைவெறி என்று ஒதுக்கிவிடுவதும் சரியான புரிதல் ஆகாது. தவறினால் பட்டினி என்ற நிலையில் ஓர் எட்டு வயதுச் சிறுமி மூச்சை அடக்கிக் குறிபார்த்தாள். அந்த ஒரு நொடியின் ஒருமையை, பசி தீர்ந்த பிறகும் அவரால் விட முடியவில்லை. பின்னால் வந்தவர்கள் பசியை அறியாமலே அந்த நொடியை மட்டும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.