குறிப்பெடுத்த பேராசிரியர்

பங்குச் சந்தையில் ஈடுபடும் நம் குடியிருப்பு நண்பர்கள் பெஞ்சமின் கிரகாம் பெயரைக் கேட்டிருப்பீர்கள். டேவிட் டாட் தெரியுமா? நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர். 1928-ல் அங்கே மாலை வகுப்பெடுக்க வந்த கிரகாம், தாம் சொல்வதை யாராவது எழுதிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை வைத்தார். டாட் எழுதினார். மறு வருடமே சந்தை சரிந்து பலர் சேமிப்பு போயிற்று. அந்தக் குறிப்புகளே வளர்ந்து, 1934-ல் இருவர் பெயரிலும் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' நூலாயின. வதந்தியை நம்பாதே, பேலன்ஸ் ஷீட்டைப் பார், உண்மை மதிப்புக்குக் கீழே கிடைத்தால் வாங்கு என்பதே சாரம். லெட்ஜரோடு காலம் கழித்த எனக்கு, பேசியவரைவிட எழுதிவைத்தவர் மேல்தான் மரியாதை அதிகம்! ஹார்வர்டு சேர்த்துக்கொள்ளாத வாரன் பஃபெட், 1950-ல் இடம் கேட்டுக் கடிதம் எழுதியது டாட்டுக்குத்தான். உடனே சேர்த்துக்கொண்டார். 1961-ல் ஓய்வு பெற்ற டாட், 1988-ல் காலமானார்.