கச்சேரி செய்து மடம் கட்டிய துறவி

1846-ம் ஆண்டு மே மாதம். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் உள்ள பெர்த் நகரம். நகரம் என்று பெயர்தான். அன்று அது ஒரு பெரிய கிராமம்.

ஊர்க் கோர்ட்டுக் கட்டிடத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. வெள்ளைக்காரக் கனவான்களும் சீமாட்டிகளும் தங்களிடம் இருந்த நல்ல உடைகளை உடுத்திக்கொண்டு வந்திருந்தார்கள். அன்று அங்கே பியானோ கச்சேரி!

வித்துவான் மேடைக்கு வந்தார். கூட்டம் திகைத்துவிட்டது.

அவர் போட்டிருந்தது துறவியின் கறுப்பு அங்கி. அது முழங்காலோடு கிழிந்திருந்தது. கால்சட்டை முழுவதும் ஒட்டுத் துணி. செருப்பு பிய்ந்து, கால் விரல்கள் வெளியே எட்டிப் பார்த்தன. முகத்தில் பல நாள் தாடி. காட்டில் இருந்து நடந்தே வந்தவர் வேறு எப்படி இருப்பார்?

அவர் உட்கார்ந்து வாசித்தார். மூன்று மணி நேரம் வாசித்தார். பட்டினி கிடக்கும் தோழர்களுக்கு உணவு வாங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கச்சேரி.

அந்தத் துறவியின் பெயர் ரொசெண்டோ சால்வடோ.

மடம் பறிபோயிற்று

சால்வடோ பிறந்தது ஸ்பெயின் தேசத்தில், டூய் என்ற ஊரில். பிறந்த நாள் 1814 மார்ச் 1. பதினைந்தாவது வயதிலேயே துறவியாகப் புறப்பட்டுவிட்டார். அவர் சேர்ந்தது பெனடிக்ட் சபை. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கிறார்களே, அந்த மகான் ஏற்படுத்திய சபைதான் அது. பிரார்த்தனை பாதி, உடல் உழைப்பு பாதி என்பது அந்தச் சபையின் வழக்கம்.

மடத்தில் அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தச் சங்கீதம் ஒரு நாள் சோறு போடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்!

1835-ம் ஆண்டு இடி விழுந்தது. ஸ்பெயின் அரசாங்கம் மடங்களை எல்லாம் மூடிவிட்டது. துறவிகள் தெருவுக்கு வந்தார்கள். சால்வடோ இத்தாலிக்குப் போய், காவா என்ற ஊரில் இருந்த மடத்தில் சேர்ந்தார். 1839-ல் குருப்பட்டம் பெற்றார். அவருடைய நண்பர் செராவும் அங்கே இருந்தார். தூர தேசம் போய்த் தொண்டு செய்யவேண்டும் என்று இருவருக்கும் ஆசை. பெர்த் நகர மேற்றிராணியார் ஆள் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் கப்பல் ஏறினார்கள். 1846 ஜனவரியில் ஆஸ்திரேலியக் கரையில் இறங்கினார்கள்.

ஈட்டிகளின் நடுவே

பெர்த்துக்கு வடக்கே சுமார் 130 கிலோ மீட்டர் தூரத்தில் காடு. அங்கே நூங்கர் இனத்தின் ஒரு பிரிவினரான யூவெட் மக்கள் வாழ்ந்தார்கள். வேட்டையாடி, கிழங்கு தோண்டி, இடம் விட்டு இடம் போய்க்கொண்டிருந்த ஆதிக்குடிகள் அவர்கள். வெள்ளைக்காரர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து அவர்கள் நிலத்தில் புகுந்திருந்தார்கள்.

சால்வடோவும் மூன்று தோழர்களும் அந்தக் காட்டுக்குள் போனார்கள். ஈட்டி பிடித்த ஆதிக்குடிகள் அவர்களைச் சூழ்ந்துகொண்டார்கள். துறவிகள் துப்பாக்கியைத் தொடவில்லை. ரொட்டியையும் சர்க்கரையையும் நீட்டினார்கள். முதலில் குழந்தைகள் வாங்கித் தின்றன. பிறகு பெரியவர்களும் ஈட்டியைக் கீழே வைத்தார்கள்.

மூட்டையில் இருந்த உணவு சீக்கிரமே தீர்ந்துவிட்டது. ஆதிக்குடிகள் தின்றதையே துறவிகளும் தின்றார்கள். பல்லியும் புழுவும் கிழங்கும்தான் சாப்பாடு. அப்போதுதான் சால்வடோ பெர்த்துக்கு நடந்தார். மேற்றிராணியாரிடமும் காசு இல்லை. பிறகுதான் கச்சேரி யோசனை வந்தது.

அந்தச் சிறிய ஊர் அன்று ஜாதி மதம் பார்க்கவில்லை. கவர்னர் கோர்ட்டுக் கட்டிடத்தைக் கொடுத்தார். கன்னியாஸ்திரீகள் பியானோ கொடுத்தார்கள். வேறு சபையைச் சேர்ந்த ஆங்கிலேயப் பாதிரியார் மெழுகுவர்த்தி விளக்குகளைக் கொடுத்தார். அச்சுக்கூடத்துக்காரர் கூலி வாங்காமல் அச்சடித்தார். வந்தவர்களை உட்காரவைத்து உபசரித்தவர் ஒரு யூதர்.

வசூலான பணத்தில் உணவும் சாமான்களும் வாங்கிக்கொண்டு சால்வடோ காட்டுக்குத் திரும்பினார்.

கஷ்டம் அதோடு தீரவில்லை. ஒரு தோழர் துப்பாக்கி தற்செயலாக வெடித்து மாண்டார். இன்னொருவர் ஊர் திரும்பிவிட்டார். சால்வடோவும் செராவும் மட்டுமே மிஞ்சினார்கள். 1847 மார்ச் 1-ந் தேதி, சால்வடோவின் 33-வது பிறந்த நாளில், மடத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். பெனடிக்ட் பிறந்த ஊர் இத்தாலியில் உள்ள நோர்சியா. ஆகவே இந்த இடத்துக்கு நியூ நோர்சியா என்று பெயர் வைத்தார்கள்.

ஆள் இல்லாத ஊருக்கு மேற்றிராணியார்

1849-ல் சால்வடோ ஐரோப்பாவுக்குப் போனார். இரண்டு ஆதிக்குடிச் சிறுவர்களையும் கூட்டிப்போனார். ஒருவன் கொனாச்சி. மற்றவன் டிரிமெரா. போப் ஒன்பதாம் பயஸ் அந்தப் பிள்ளைகளைப் பார்த்து ஆசி கூறினார். காவா மடத்தில் அவர்கள் படித்தார்கள். ஆனால் அந்நியச் சீமையின் குளிரும் நோயும் அவர்களை விடவில்லை. கொனாச்சி 1853-ல் ரோம் நகரில் இறந்தான். டிரிமெரா ஊர் திரும்பி, 1855-ல் கண் மூடினான். பெற்றோர் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கொண்டுபோனது சரிதானா? இந்தக் கேள்வி இன்றும் கேட்கப்படுகிறது.

அதே ஆண்டு சால்வடோவை மேற்றிராணியார் ஆக்கினார்கள். எந்த ஊருக்கு? ஆஸ்திரேலியாவின் வடகோடியில் இருந்த விக்டோரியா துறைமுகத்துக்கு. அவர் போய்ச் சேருவதற்குள் அந்தக் குடியேற்றத்தையே அரசாங்கம் கலைத்துவிட்டது! ஊரும் இல்லை, ஜனமும் இல்லை. பட்டம் மட்டும் இருந்தது. சும்மா இருந்த நாளில் அவர் தம் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். இத்தாலிய மொழியில் 1851-ல் அது வெளிவந்தது. ஆதிக்குடிகளின் வழக்கங்களையும், அவர்கள் பேசிய சொற்களையும் அதில் பட்டியல் போட்டு வைத்தார்.

கணக்குப்பிள்ளையும் அவரே

1853-ல் திரும்பி வந்தார். பழைய நண்பர் செராவோ இப்போது பெர்த்தில் அதிகாரம் செலுத்தும் மேற்றிராணியார். நியூ நோர்சியா யாருக்குக் கட்டுப்பட்டது என்பதில் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. 1859-ல் நியூ நோர்சியா தனியாகப் பிரிந்தது. 1867-ல் அதைத் தனி மடாலயம் ஆக்கி, சால்வடோவை ஆயுள் முழுவதும் மடாதிபதியாக நியமித்தார் போப்.

அவருடைய நிர்வாகத் திறமை அப்போதுதான் வெளிப்பட்டது. கோதுமை விளைந்தது. ஆட்டு ரோமம் கப்பல் ஏறியது. சந்தன மரம் வெட்டி விற்றார்கள். குதிரை வளர்த்து, இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் பட்டாளத்துக்குக்கூட அனுப்பினார்கள். தினமும் நாட்குறிப்பு எழுதுவார். கடிதங்களோ ஆயிரக்கணக்கில்.

ஆதிக்குடிக் குடும்பங்களுக்குச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக்கொடுத்தார். வேலைக்குக் கூலி கொடுத்தார். மற்ற பண்ணைகளில் அவர்களுக்குக் கூலியே கிடையாது. மாவும் தேயிலையும் புகையிலையும் கொடுத்தால் அதுவே அதிகம். சிறுவர்களுக்கு வாத்தியம் கற்பித்து ஒரு பாண்டு வாத்தியக் குழுவே அமைத்தார்.

1870-களில் நியூ நோர்சியாவுக்குத் தந்தி வந்தது. தந்தி ஆபீசை நடத்தியவர் யார் தெரியுமா? மேரி எலன் கியூப்பர் என்ற ஆதிக்குடி மங்கை. கட்டு கடகட என்று தந்தி அடிப்பதில் கெட்டிக்காரி. பாவம், சுமார் முப்பது வயதில் 1877-ல் காசநோய்க்குப் பலியானார்.

கிரிக்கெட் கதை இன்னும் சுவையானது. பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் ஆதிக்குடி இளைஞர்களுக்குப் பந்தும் மட்டையும் பிடிக்கப் பழக்கினார். சால்வடோவும் ஊக்கம் கொடுத்தார். பெர்த் வரை போய் வெள்ளைக்காரக் கோஷ்டிகளை அவர்கள் தோற்கடித்தார்கள்.

தீராத துயரம்

எவ்வளவு செய்தும் ஒரு துயரம் தீரவில்லை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அம்மையும் காசநோயும் ஆதிக்குடிகளைக் கொத்துக் கொத்தாகக் கொண்டுபோயின. இங்கிலாந்தில் இருந்து புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதுபற்றி விவரம் கேட்டார். கைவிளக்கு ஏந்தி நோயாளிகளைக் காத்த அதே அம்மையார்தான். சால்வடோ அனுப்பிய விவரங்களையும் சேர்த்து 1865-ல் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். வெட்டவெளியில் திரிந்தவர்களைத் திடீரென்று சுவருக்குள் அடைத்தால் உடம்பு தாங்காது என்பது அந்த ஆராய்ச்சியில் தெரிந்த செய்தி.

ஆனால் அவர் மடத்திலேயே குழந்தைகளைப் பெற்றோரிடம் இருந்து பிரித்து விடுதியில் வைக்கும் வழக்கம் இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகும் அந்த விடுதிகள் 1970-கள் வரை நடந்தன. பிற்காலத்தில் அங்கே வளர்ந்தவர்கள் பட்ட கொடுமைகள் விசாரணைகளில் வெளிவந்தன. அவர் எழுதி வைத்த சொற்பட்டியலோ, நூங்கர் மக்கள் தங்கள் தாய்மொழியை மீட்டுக்கொள்ள இன்று உதவுகிறது.

கடைசிப் பயணம்

85 வயது ஆயிற்று. தமக்குப் பின் மடத்தைக் காப்பது யார் என்ற கவலை அவரை அரித்தது. அதற்கு ஏற்பாடு செய்ய 1899-ல் மறுபடியும் ரோமுக்குக் கப்பல் ஏறினார். 1900 டிசம்பர் 29-ந் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. வயது 86.

ரோமில் அடக்கம் செய்தார்கள். நியூ நோர்சியா விடவில்லை. மூன்று வருடம் கழித்து, 1903-ல், அவருடைய உடல் கப்பலில் ஆஸ்திரேலியாவுக்கு வந்தது. ஒரு காலத்தில் பிய்ந்த செருப்போடு அவர் நடந்த அந்தப் பாதை வழியே கொண்டுபோய், அவர் கட்டிய கோயிலுக்குள் புதைத்தார்கள்.