கடலுக்குள் காமிராவுடன் இறங்கிய விஞ்ஞானி

கரையில் நின்று கடலைப் படம் பிடிப்பது எளிது. கடலின் அடியில் போய்ப் படம் பிடிப்பது எப்படி?

இன்று அதற்கென்றே சிறிய காமிராக்கள் இருக்கின்றன. அவற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நீரில் குதித்துவிடலாம். 1893-ம் ஆண்டில் அப்படிப்பட்ட காமிரா கிடையாது. அந்த ஆண்டில் ஒரு விஞ்ஞானி, காமிராவைச் செம்புப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதைக் கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்கினார். பிறகு தாமும் இறங்கினார். கடலின் அடியில் நின்று படம் பிடித்துக்கொண்டு மேலே வந்தார்.

அவர் பெயர் லூயி பூத்தான். பிரெஞ்சு நாட்டுக்காரர். நீருக்கடியில் படம் பிடிக்கும் கலைக்கு வழிகாட்டியவர் அவரே.

21 வயதில் நெடும்பயணம்

லூயி 1859-ம் ஆண்டு வெர்சேல்ஸ் நகரில் பிறந்தார். பிரெஞ்சு மன்னர்களின் பெரிய அரண்மனை இருக்கும் ஊர் அது.

இளமையிலேயே அவருக்கு உயிரினங்களைப் பற்றிய படிப்பில் ஆசை. பாரிஸ் நகரில் விலங்கியல் படித்தார். 1880-ம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்குப் பிரெஞ்சு அரசு அனுப்பிய குழுவில் லூயியும் போனார். அப்போது அவருக்கு வயது 21. பொருட்காட்சி முடிந்த பிறகும் அங்கேயே தங்கி, அந்த நாட்டு விலங்குகளை ஆராய்ந்தார்.

ஊர் திரும்பியதும் அவர் மனம் கடலின் பக்கம் போனது. சங்கு, சிப்பி போன்ற ஓடுள்ள உயிர்களை ஆராய்வதில் முனைந்தார்.

கடற்கரையில் ஓர் ஆராய்ச்சிக் கூடம்

பிரான்சின் தென்கோடியில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், பான்யூல்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. மத்தியதரைக் கடலின் கரையில் உள்ள ஊர். அங்கே லக்காஸ் டுத்தியே என்ற பேராசிரியர், 1880-களின் தொடக்கத்தில் கடல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்றை அமைத்திருந்தார். அராகோ ஆராய்ச்சிக் கூடம் என்று அதற்குப் பெயர். லூயி அங்கே வேலை பார்த்தார்.

கடல் உயிர்கள் எப்படி வாழ்கின்றன என்று அறிய, அவர் முக்குளிக்கும் உடை அணிந்து கடலுக்குள் இறங்குவது உண்டு. அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைக்குச் செம்புக் கவசம். பார்ப்பதற்கு அதில் கண்ணாடி ஜன்னல்கள். உடம்புக்கு ரப்பர் பூசிய தடித்த துணி. மிதக்காமல் இருப்பதற்காகக் காலில் ஈயம் வைத்த பூட்ஸ். மார்பிலும் முதுகிலும் ஈயக் கட்டிகள். எல்லாம் சேர்ந்தால் ஒரு ஆள் எடை இருக்கும்!

மூச்சு விடுவதற்குப் படகில் இருந்து ஒரு குழாய் வரும். படகில் உள்ள ஆட்கள் பம்பைச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். அவர்கள் கை நின்றால், கீழே இருப்பவரின் மூச்சும் நின்றுவிடும்.

இப்படி உயிரைப் பிறர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் லூயி இறங்கினார். கீழே அவர் கண்ட காட்சிகளோ அற்புதமானவை. ஆடும் பாசிகள், பாறை இடுக்குகள், கூட்டமாகத் திரியும் மீன்கள்! ஆனால் மேலே வந்து வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? கண்டதை மற்றவர்களும் காண வேண்டும் என்று விரும்பினார். படம் பிடித்துவிட்டால் என்ன என்று யோசித்தார்.

அவருக்கு முன்பே ஒருவர் முயன்றது உண்டு. 1856-ம் ஆண்டு வில்லியம் தாம்சன் என்ற ஆங்கிலேயர், படகில் இருந்தபடியே காமிராவைக் கடலுக்குள் இறக்கினார். பெட்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. மங்கலான ஒரு படம்தான் கிடைத்தது.

மூன்று எதிரிகள்

கடலுக்குள் காமிராவுக்கு மூன்று எதிரிகள் உண்டு.

முதல் எதிரி தண்ணீர். ஊசிமுனை அளவு இடுக்கு இருந்தாலும் உள்ளே புகுந்துவிடும்.

இரண்டாவது எதிரி அழுத்தம். ஆழம் கூடக் கூட நீரின் பாரம் கூடும். 10 மீட்டர் ஆழத்தில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தையும் சுமார் ஒரு கிலோ எடை கூடுதலாக அழுத்தும். பெட்டியின் ஒரு பக்கம் ஓர் அடி அகலம், ஓர் அடி உயரம் என்றால், அதன் மேல் 900 கிலோவுக்கு மேல் பாரம்!

மூன்றாவது எதிரி இருட்டு. சூரிய வெளிச்சத்தை நீர் விழுங்கிவிடும். ஆழத்தில் எல்லாம் நீலமாக மங்கிப்போகும்.

தண்ணீரையும் அழுத்தத்தையும் வெல்ல, லூயிக்குத் துணையாக வந்தவர் அவருடைய உடன்பிறந்தவர் ஒகுஸ்த். அவர் ஓர் என்ஜினீயர். தண்ணீர் புகாத பெட்டிக்குத் திட்டம் போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஆராய்ச்சிக் கூடத்தின் மெக்கானிக்கும் கூடவே உழைத்தார்.

அந்தக் காலத்தில் பிலிம் சுருளுக்குப் பதிலாகக் கண்ணாடித் தகடுகளில் படம் பிடிப்பார்கள். காமிராவுக்குள் பல தகடுகளை முன்கூட்டியே வைத்தார்கள். வெளியே உள்ள ஒரு கைப்பிடியைத் திருப்பினால் அடுத்த தகடு வந்து நிற்கும். பெட்டியைத் திறக்காமலே பல படங்கள் எடுக்கலாம்.

அழுத்தத்துக்கும் ஒரு தந்திரம் செய்தார்கள். காற்று நிரப்பிய ரப்பர் பலூன் ஒன்றைப் பெட்டியோடு குழாயால் இணைத்தார்கள். பெட்டி கீழே போகப் போக, நீர் அந்தப் பலூனை நசுக்கும். பலூனில் உள்ள காற்று பெட்டிக்குள் போகும். வெளியே நீர் எவ்வளவு அழுத்துகிறதோ, உள்ளே காற்றும் அவ்வளவு அழுத்தும். பெட்டி நசுங்காது, தண்ணீரும் புகாது. கடலின் பலத்தைக் கொண்டே கடலைச் சமாளித்துவிட்டார்கள்!

அரை மணி நேரம் அசையாமல்

1893-ம் ஆண்டு லூயி இந்தக் காமிராவுடன் கடலில் இறங்கினார்.

ஒரு படத்துக்காகப் படகில் ஏற்ற வேண்டிய சாமான்கள் கொஞ்சமா? காமிராப் பெட்டி, அதை நிறுத்தும் தாங்கி, பாரக் கட்டிகள், முக்குளிக்கும் உடை, காற்றுப் பம்பு, குழாய், கயிறுகள். இவற்றில் ஒன்றை மறந்தாலும் அன்றைய பயணம் வீண். காற்று அடித்தாலும், நீர் கலங்கினாலும் வேலை நடக்காது. கடல் அமைதியாகவும், நீர் தெளிவாகவும், வெயில் நன்றாகவும் இருக்கும் நாள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

கீழே போனதும் காமிராவை மெதுவாக நிறுத்த வேண்டும். கால் பட்டு மணல் கிளம்பினால் நீர் புகைபோல் ஆகிவிடும். அது அடங்கும்வரை படம் பிடிக்க முடியாது.

வெளிச்சம் குறைவு என்பதால், சில படங்களுக்கு 30 நிமிடம்வரை காமிராவின் கண்ணைத் திறந்து வைக்க வேண்டியிருந்தது. அத்தனை நேரமும் காமிரா அசையக் கூடாது. மேலே ஆட்கள் பம்பைச் சுற்றிக்கொண்டே இருக்க, கீழே குளிரில் லூயி பொறுமையாகக் காத்திருப்பார்.

படங்கள் கிடைத்தன. பாறைகளும் பாசிகளும் தெரிந்தன. ஆனால் ஓடும் மீனைப் பிடிக்க 30 நிமிடம் ஆகுமா? மீன் நிற்குமா? மூன்றாவது எதிரியான இருட்டையும் வென்றாக வேண்டும் என்று லூயிக்குப் புரிந்தது.

பீப்பாயின் மேல் விளக்கு

மக்னீசியம் என்ற உலோகத்தைக் கொளுத்தினால், மத்தாப்பு போலக் கண்ணைப் பறிக்கும் வெள்ளை வெளிச்சம் வரும். ஒரு மின்சார என்ஜினீயரின் உதவியுடன் லூயி ஒரு விளக்குச் செய்தார். கண்ணாடிப் பாத்திரத்துக்குள் பிராணவாயுவை நிரப்பி, மக்னீசியக் கம்பியைச் சுருட்டி வைத்து, மின்சாரத்தால் கொளுத்தினார்.

வெளிச்சம் வந்தது. கூடவே தொல்லையும் வந்தது. கம்பி ஒரே சீராக எரியவில்லை. வெள்ளைப் புகை கிளம்பிக் கண்ணாடியை மூடியது. சில சமயம் சூடு தாங்காமல் கண்ணாடிப் பாத்திரம் வெடித்துவிட்டது!

லூயி அதை ஒதுக்கிவிட்டு வேறு வழி தேடினார். 200 லிட்டர் பிடிக்கும் மரப் பீப்பாய் ஒன்றை எடுத்தார். அதில் பிராணவாயு கலந்த காற்றை நிரப்பினார். பீப்பாயின் தலையில் ஒரு ஸ்பிரிட் விளக்கை வைத்து, அதன் மேல் கண்ணாடி மூடியைக் கவிழ்த்தார். ரப்பர் குமிழ் ஒன்றை அமுக்கினால், மக்னீசியத் தூள் பறந்துபோய் விளக்கின் சுடரில் விழும். பளிச்சென்று மின்னல்போல் வெளிச்சம் வரும்.

நீருக்கடியில் ஸ்பிரிட் விளக்கு எரிந்தது!

ஆனால் காற்று நிரம்பிய பீப்பாய் தானாக மூழ்குமா? 200 லிட்டர் காற்றைக் கீழே இழுக்க ஏறக்குறைய 200 கிலோ பாரம் வேண்டும். அத்தனையையும் படகில் ஏற்றி, இறக்கி, திரும்ப மேலே தூக்க வேண்டும். ஒரு நொடி வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடு!

தண்ணீரை உள்ளே விட்டார்

அடுத்து லூயி ஒரு விசித்திரமான சோதனை செய்தார். தண்ணீரைத் தடுப்பதற்குத்தானே இத்தனை சிரமம்? தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டால் என்ன? தகடுகளுக்கு வார்னிஷ் பூசி, காமிராவுக்குள் கடல்நீரை நிரம்ப விட்டார்.

படங்கள் நன்றாக வரவில்லை. அந்த முயற்சியை விட்டுவிட்டு, மறுபடியும் தண்ணீர் புகாத பெட்டிக்கே திரும்பினார். பெரிய தகடும் நல்ல லென்சும் உள்ள புதிய காமிராவைச் செய்தார்.

இம்முறை வெளிச்சத்துக்கு மின்சாரத்தை நாடினார். இரண்டு கரித்துண்டுகளுக்கு இடையே மின்சாரம் பாய்ந்து எரியும் ஆர்க் விளக்குகளைத் தண்ணீர் புகாத கூடுகளில் வைத்தார். பாட்டரிகளில் இருந்து மின்சாரம் வந்தது. காமிராவின் கண்ணைத் திறந்து மூடுவதற்கும் மின்காந்தத்தைப் பயன்படுத்தினார்.

இதனால் பெரிய லாபம் கிடைத்தது. மனிதர் கூட இறங்க வேண்டியது இல்லை. காமிராவையும் விளக்கையும் மட்டும் இறக்கிவிட்டு, படகில் இருந்தபடியே படம் பிடிக்கலாம். 1899-ம் ஆண்டு 50 மீட்டர் ஆழத்தில் படம் எடுத்தார் லூயி.  பதினைந்து மாடிக் கட்டடம் மூழ்கும் ஆழம் என்று சொன்னால் போதும்.

அதே ஆண்டில் எமில் ரகோவித்சா என்ற ருமேனிய விஞ்ஞானியை, முக்குளிக்கும் உடையுடன் கடலுக்குள் நிற்க வைத்துப் படம் எடுத்தார். ரகோவித்சா அப்போதுதான் தென் துருவப் பகுதிக்குக் கப்பலில் போய்த் திரும்பியிருந்தார். நீருக்கடியில் எடுத்த முதல் மனிதப் படங்களில் ஒன்றாக அது பேர் பெற்றது.

புத்தகமும் புகழும்

1900-ம் ஆண்டு லூயி தமது அனுபவங்களை ஒரு நூலாக வெளியிட்டார். எந்தக் கருவி பயன்பட்டது, எது கெட்டது, ஏன் கெட்டது என்று எல்லாவற்றையும் அதில் எழுதினார். நீருக்கடியில் படம் பிடிப்பதற்கு என்று எழுதப்பட்ட முன்னோடி நூல் அது.

பிறகு அவர் இந்தோசீனாவுக்குப் போய் விலங்குகளை ஆராய்ந்தார். பிரான்ஸ் திரும்பி போர்தோ நகரில் பேராசிரியராக இருந்தார். கிப்பன் என்ற வாலில்லாக் குரங்கை வளர்த்து, அதன் குரலில் உள்ள வேறுபாடுகளைக் குறித்து வைத்தார். முத்து எப்படி உண்டாகிறது என்றும் ஆராய்ந்தார். கடைசிக் காலத்தில் வட ஆப்பிரிக்காவில் உள்ள அல்ஜீரியாவில் பணியாற்றினார். 1934-ம் ஆண்டு காலமானார்.

அவர் காட்டிய வழியில் மற்றவர்கள் தொடர்ந்தார்கள். 1926-ம் ஆண்டு அமெரிக்காவின் புளோரிடா கடலில், லாங்லி, மார்ட்டின் என்ற இருவர் நீருக்கடியில் வண்ணப் படம் எடுத்தார்கள். அவர்களும் வெளிச்சத்துக்கு மக்னீசியத் தூளைத்தான் கொளுத்தினார்கள். 1960-களில் கையடக்கமான கடல் காமிராக்கள் கடைக்கு வந்தன.

காமிரா சிறியதாகிவிட்டது. எதிரிகள் மாறவில்லை. இன்றும் கடலுக்குள் படம் பிடிக்கப் போகிறவர்கள், புறப்படும் முன் பெட்டியின் ரப்பர் வளையத்தில் மணலோ முடியோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கிறார்கள். தனி விளக்கும் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

பான்யூல்ஸ் ஊரில் அந்த ஆராய்ச்சிக் கூடம் இன்றும் இருக்கிறது. லூயி இறங்கிய அதே கடலில், இன்றும் விஞ்ஞானிகள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள்.