புழுக்களை ஆராய்ந்த பேராசிரியர் ருடோல்பி

கடற்பன்றி ஓங்கிலுக்கு உறவு. பார்ப்பதற்கு மீன் போல இருக்கும். ஆனால் குட்டி போட்டுப் பால் கொடுக்கும். நம்மைப்போல நுரையீரலால் மூச்சு விடும்.

அந்த நுரையீரலில் நூல் போன்ற புழுக்கள் குடியேறுவது உண்டு. அவை மூச்சுக் குழாய்களை அடைத்துக்கொள்ளும். நுரையீரல் வீங்கிக் கெட்டுவிடும். மூச்சுத் திணறிக் கடற்பன்றி செத்து ஒதுங்கும்.

இந்தப் புழுக்களில் ஒன்றுக்கு 1808-ம் ஆண்டிலேயே பெயர் சூட்டி, உலகுக்கு அடையாளம் காட்டியவர் கார்ல் அஸ்முந்து ருடோல்பி.

இளமை

ருடோல்பி 1771-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி சுவீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். கிரைப்ஸ்வால்டு நகரப் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தார். இன்று ஜெர்மனியில் உள்ள அந்த நகரம், அன்று சுவீடன் ஆட்சியில் இருந்தது.

குடற்புழுக்கள் என்றால் மற்றவர்கள் முகம் சுளித்தார்கள். ருடோல்பியோ அவற்றைப் பற்றியே ஆராய்ந்து, 1793-ல் கட்டுரை எழுதினார். பிறகு மருத்துவமும் கற்று, அதே நகரில் ஆசிரியரானார்.

பெரிய நூல்

செத்த விலங்குகளை அறுத்து, உறுப்பு உறுப்பாகப் புழுக்களைத் தேடினார். எந்தப் புழு, எந்த விலங்கில், எந்த உறுப்பில் இருந்தது என்று குறித்து வைத்தார். உயிருள்ள விலங்குகளை அறுத்துச் சோதிப்பது அவருக்குப் பிடிக்காது.

1808 முதல் 1810 வரை அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. 1819-ல் வந்த அடுத்த நூலில் சுமார் 1000 வகைப் புழுக்கள் இடம் பெற்றன. உருண்டைப் புழு, நாடாப் புழு, தட்டைப் புழு என்று அவர் இனம் பிரித்தார். புழுவியலின் தந்தை என்று அவரைப் போற்றுகிறார்கள்.

1810-ல் பெர்லினில் புதிய பல்கலைக்கழகம் தொடங்கியது. அங்கே அவர் பேராசிரியரானார். உடற்கூறியல் காட்சிசாலையையும் வளர்த்தார். பின்னாளில் பெரும் புகழ் பெற்ற யோகான்னஸ் முல்லர் அவருடைய மாணவர். அந்த ஏழை மாணவருக்கு ஒரு மைக்ராஸ்கோப்பைப் பரிசாகக் கொடுத்தார் ருடோல்பி.

ஒரு தவறு

இவ்வளவு பெரிய அறிஞரும் ஒன்றில் தவறினார். புழுக்கள் வெளியிலிருந்து வருவதில்லை, விலங்கின் உடம்புக்குள்ளேயே தாமாக உண்டாகின்றன என்று நம்பினார். 1832-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி பெர்லினில் இறக்கும்வரை அந்த எண்ணம் மாறவில்லை.

அது தவறு என்று 1850-களில் நடந்த சோதனைகள் காட்டின. ஒரு பிராணியில் இளம் புழுவாக இருப்பது, அதைத் தின்னும் மற்றொரு பிராணிக்குள் போய் முழுப் புழுவாக வளர்வது தெரியவந்தது. கடற்பன்றிக்கும் மீன் வழியாகவே நுரையீரல் புழு வருவதாகக் கருதப்படுகிறது. பால் குடிக்கும் குட்டியிடம் இந்தப் புழு காணப்படுவது அரிது. மீன் தின்னத் தொடங்கிய பிறகே அதிகமாகக் காணப்படுகிறது.

இன்றும் பயன்

உயிரோடு இருக்கும் கடற்பன்றிக்கு இந்த நோய் உண்டா என்று அறிய, அதன் சாணத்தையும் மூச்சுத் துளைச் சளியையும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். குஞ்சுப் புழு தென்பட்டால் நோய் உறுதி. கரை ஒதுங்கிச் செத்த விலங்கானால் நுரையீரலை அறுத்துப் பார்க்கிறார்கள். கிடைத்த புழு எந்த வகை என்பதையும் கண்டறிகிறார்கள்.

ருடோல்பி 1808-ல் சூட்டிய பெயரின் பிற்பகுதி, அந்தப் புழுவுக்கு இன்றும் வழங்குகிறது. அவருடைய நம்பிக்கை பொய்த்தது. கண்ணால் கண்டு அவர் எழுதி வைத்த குறிப்புகள் நிலைத்தன.