கால்வாய் வெட்டிய பாதிரியார்

சோற்றுக்காக வேதத்தில் சேர்ந்தவர்கள் என்ற ஏச்சு நம் சேரிகளுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்தில், டீக்கடையில், சில நேரம் அரசு அலுவலகத்தில்கூட அதை நாம் கேட்டிருக்கிறோம். கஞ்சிக்கும் கோதுமைக்கும் பால் பவுடருக்கும் நம் பாட்டன்மார் சாமியை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்பவர்கள், அந்தப் பாட்டன்மாரின் வயிறு ஏன் காய்ந்தது என்று கேட்பதில்லை. இந்த ஏச்சு எழுவதற்கு முன்பே அதற்கு அஞ்சிய ஒருவரைப் பற்றி இந்த வாரம் பார்ப்போம். பெரும் பஞ்சத்தின் நடுவில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தவர் அவர். அதே மாதங்களில், ஞானஸ்நானம் கேட்டு வந்த எவருக்கும் கொடுக்க மறுத்தவரும் அவர்தான்.

அவர் பெயர் ஜான் எவரெட் கிளஃப். அமெரிக்கர். 1836இல் நியூயார்க் மாநிலத்தில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். பிழைப்பு தேடி மேற்கே போன குடும்பம் அது. பையனாக இருந்தபோதே நில அளவைக் குழுவில் சேர்ந்து, காட்டிலும் பனியிலும் சங்கிலி இழுத்து அளவைத் தொழிலைக் கற்றார். இந்தத் தொழில் பின்னால் எங்கே உதவப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது. கல்லூரியில் படிக்கும்போது பாப்திஸ்து சபையில் சேர்ந்தார். 1864 கடைசியில் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு சிறிய கப்பலில் ஏறி, 1865 ஏப்ரலில் சென்னைக்கு வந்து இறங்கினார்.

அவர் வந்து சேர்ந்த தெலுங்கு மிஷன் அப்போது தள்ளாடிக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகள் உழைத்தும் சபையில் சேர்ந்தவர்கள் சிலரே. இழுத்து மூடிவிடலாம் என்ற பேச்சு அமெரிக்காவில் ஒருமுறைக்கு மேல் வந்திருக்கிறது. நெல்லூரில் இருந்த அந்த மிஷனின் கிளையைத் தொடங்க, 1866இல் கிளஃப் ஒங்கோலுக்குப் போனார். இன்று ஆந்திராவில் உள்ள ஒங்கோல், அன்று நம்மோடு ஒரே சென்னை மாகாணத்தில், நெல்லூர் ஜில்லாவுக்குள் இருந்தது.

இந்தக் கதையில் துரைக்கு முன்பே வழி திறந்தவர் ஒரு மாதிகர். மாதிகர் என்றால் யார் என்று நம் வாசகர்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியரோடு உறவு கொண்ட மக்கள். செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, தோல் பதனிடுவது, செருப்பும் கிணற்றுச் சாலும் தைப்பது, ஊர்த் திருவிழாவில் பறையடிப்பது என்று ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்டுக் கிடந்தவர்கள். அவர்களில் ஒருவரான எர்ரகுண்ட்ல பெரியா தோல் வியாபாரி. ஒங்கோலுக்குத் தெற்கே தாள்ளகொண்டபாடு பக்கத்தைச் சேர்ந்தவர். தோல் வாங்க ஏலூர் வரை வடக்கே நடந்து போன இடத்தில் கிறிஸ்தவப் பிரசங்கத்தைக் கேட்டார். ஆன்மிகத் தேட்டம் ஏற்கெனவே உள்ள மனிதர். ஊர் திரும்பியதும் கேட்டதைத் தன் சனத்திடம் சொன்னார். 1866இல் ஞானஸ்நானம் பெற்றார். 1867 ஜனவரியில் கிளஃப் அந்தப் பக்கம் போய் ஒரு புளியந்தோப்பில் தங்கியபோது, பெரியாவின் வாயால் கேட்டுத் தயாராக இருந்தவர்களே வந்து கூடினார்கள். சில நாட்களில் 28 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. துரைமார் எழுதிய மிஷன் வரலாறுகளில் பெரியாவுக்குச் சில பக்கங்கள்தான். அவர் இல்லாமல் அந்தத் தோப்புக்கு யார் வந்திருப்பார்கள் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒங்கோலில் கிளஃபுக்கு ஒரு சோதனை வந்தது. பிராமணர் உள்ளிட்ட உயர்சாதிக் குடும்பங்கள் அவர் நடத்திய பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப முன்வந்தன. மாதிகப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்பதே நிபந்தனை. எந்த மிஷனரிக்கும் ஆசை காட்டும் வாய்ப்பு இது. பெரிய வீடுகள் வந்தால் ஊரே பின்னால் வரும் என்று அக்காலத்தில் பலர் நம்பினார்கள். கிளஃபும் அவருடைய மனைவி ஹேரியட்டும் அன்று தனித்தனியே, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல், வேதப் புத்தகத்தைத் திறந்தார்களாம். இருவர் கண்ணிலும் பட்டது, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், உலகம் இழிவாக எண்ணுகிறவர்களைத் தேவன் தெரிந்துகொண்டார் என்ற பகுதி. இதைத் தற்செயல் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். நிபந்தனையோடு வந்த பிள்ளைகள் திரும்பிப் போனார்கள். மாதிகப் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள்.

சபையில் சேரும் மாதிகருக்கு அவர் மூன்று கட்டளைகள் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாது, செத்த மாட்டிறைச்சி தின்னக் கூடாது, விக்கிரகத்தை வணங்கக் கூடாது. கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். ஊரின் கண்ணில் இது கலகம். ஞாயிறு வேலைக்கு வராத ஆள் பண்ணையை மீறுகிறான். திருவிழாவில் பறையடிக்க மறுப்பவன் ஊரையே மீறுகிறான். அடி விழுந்தது, பொய் வழக்கு வந்தது, பல கிராமங்களில் அறுவடைக் கூலி நின்றது. கிளஃப் அதிகாரிகளிடம் முறையிட்டார், வழக்குக்குத் துணை நின்றார். அடி வாங்கியது என்னவோ மாதிகரின் முதுகுதான்.

இடையில் 1872இல் அமெரிக்கா போனார். ராமாபட்டணத்தில் உபதேசியார்களைப் பயிற்றுவிக்கும் பள்ளிக்கு 50,000 டாலர் திரட்டுவது நோக்கம். அவர் கேட்டுக்கொண்டிருந்தபோதே 1873இல் அந்த நாட்டில் வங்கிகள் கவிழ்ந்து பணம் முடங்கியது. அப்படியும் மக்கள் கொடுத்தார்கள். பணத்தோடு அவர் திரும்பிய சில ஆண்டுகளில் நம் நாட்டைப் பஞ்சம் பிடித்தது.

1876இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். 1878 வரை நீண்ட இந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். தானியம் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. விலை ஏற ஏற, அது துறைமுகங்கள் வழியாக வெளியே போய்க்கொண்டும் இருந்தது. 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைகளைச் சுருக்க வந்த சர் ரிச்சர்ட் டெம்பிள், ஓர் ஆணுக்கு நாள் கூலியாக ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று முடிவு செய்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. மண் சுமக்கும் உடம்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷே எதிர்த்தார்.

இப்படிப்பட்ட காலத்தில் நிலம் இல்லாதவர், குதிரில் சேமிப்பு இல்லாதவர், ஊர்க் கிணற்றில் உரிமை இல்லாதவர் முதலில் விழுவார்கள். மாதிகரின் பிழைப்பு ஊராரின் அறுவடையை நம்பியது. அறுவடை இல்லை என்றால் செருப்புக்கும் கூலி இல்லை, சாலுக்கும் கூலி இல்லை. சர்க்கார் நிவாரண வேலைக்குப் போனால் அங்கே மேஸ்திரிகள் சாதிக்காரர்கள். ஏச்சு, தள்ளல், கூலியில் பிடித்தம். போனவர்கள் ஒங்கோலுக்குத் திரும்பி வந்து முறையிட்டார்கள்.

அப்போதுதான் பழைய சங்கிலி உதவிக்கு வந்தது. பக்கிங்காம் கால்வாயைப் பஞ்ச வேலையாக வெட்டிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் பறக்கும் ரயிலுக்குக் கீழே கறுப்பாகக் கிடக்கிறதே, மரக்காணம் வரை போகிறதே, அதே கால்வாய்தான். அன்றைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் அதற்கு. அதில் மூன்று மைலுக்கு மேற்பட்ட ஒரு பகுதியைக் கிளஃப் குத்தகைக்கு எடுத்தார். பாதிரியார் காண்ட்ராக்டர் ஆனது அன்று சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றியிருக்கும். ஆனால் அளக்கவும், மண் கணக்குப் போடவும், கூலி பிரிக்கவும் அவருக்குத் தெரியும். மேஸ்திரிகளாகத் தன் உபதேசியார்களையே நியமித்தார். மாதிகரே மாதிகருக்கு மேஸ்திரி. யாரும் அடிக்கவில்லை, கூலியில் யாரும் கை வைக்கவில்லை. செய்தி பரவியதும் தொலைதூரக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக நடந்து வந்தார்கள். முகாமில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. ஆண்கள் வெட்ட, பெண்கள் கூடையில் சுமந்து கரையில் கொட்டினார்கள். பஞ்சத்தோடு சேர்ந்து திரிந்த காலரா முகாமையும் விடவில்லை.

வேலை நடுவே களைத்து உட்கார்ந்தவர்களிடம் உபதேசியார்கள் பேசினார்கள். பாரம் சுமந்து வருந்துகிறவர்களை இயேசு தம்மிடம் இளைப்பாற அழைக்கும் பகுதியை மக்கள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள் என்கிறது வரலாறு. தலையில் கூடையோடு இருந்தவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

பலர் ஞானஸ்நானம் கேட்டார்கள். கிளஃப் மறுத்தார். கூலியும் நிவாரணப் பணமும் தன் கையால் போய்க்கொண்டிருக்கும்போது ஒருவரைச் சபையில் சேர்த்தால், அவர் எதற்காக வந்தார் என்று அவருக்கே தெரியாமல் போய்விடும் என்று அஞ்சினார். 1877 மார்ச் முதல் சுமார் 15 மாதங்கள் ஒருவருக்கும் ஞானஸ்நானம் இல்லை. சோறு எல்லாருக்கும் உண்டு, ஆற்றுக்கு மட்டும் வழி இல்லை. நாம் இந்த மனிதரிடம் மதிப்பது இதைத்தான். எண்ணிக்கை காட்டினால் அமெரிக்காவில் பணம் பெருகும் என்பது தெரிந்தே, எண்ணிக்கையை நிறுத்தி வைத்தார்.

1878 நடுவில் நிவாரணம் முடிந்தது. கிறிஸ்தவர்கள் மட்டும் வந்தால் போதும் என்று சொல்லி, குண்ட்லகம்மா ஆற்றங்கரையில் வெள்ளம்பள்ளி என்ற இடத்தில் கூட்டம் கூட்டினார். பெருங்கூட்டம் வந்தது. கொடுக்க இனி ஒரு காசும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். காசு கேட்க வரவில்லை, இனியும் கேட்கமாட்டோம், பசியால் செத்தாலும் கிறிஸ்தவர்களாகச் சாகிறோம் என்று நின்றார்கள். அவரால் அதற்கு மேல் தடுக்க முடியவில்லை. ஊர் ஊராக விசாரித்து, உபதேசியார்கள் அறிந்தவர்களை மட்டும் சேர்த்தார்கள். ஜூலை 2ஆம் தேதி 614 பேர், 3ஆம் தேதி 2,222 பேர், 4ஆம் தேதி 700 பேர். 3ஆம் தேதி ஆற்றில் இறங்கி ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் தெலுங்கு உபதேசியார்கள் ஆறு பேர். இருவர் இருவராக மாறி மாறி, ஏறக்குறைய 9 மணி நேரம் தண்ணீரில் நின்றார்கள்.

அமெரிக்காவில் சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். இத்தனை பேர் ஒரே நாளில் எப்படி மனம் திரும்ப முடியும் என்று கேட்டார்கள். பட்டினி கிடந்த நாளில் தங்களை மனிதராக நடத்தியவர்களை மக்கள் மறக்கவில்லை என்பது உண்மை. அந்த நன்றி அவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்ததில் பங்கு வகித்திருக்கும். நன்றியை லஞ்சம் என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. லஞ்சம் என்றால் கொடுக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும்.

கிளஃபிடம் குறை இல்லாமல் இல்லை. ஊர் அமைப்பை அவர் நேருக்கு நேர் உடைக்கப் பார்க்கவில்லை. மாதிகர் தங்கள் சேரியிலேயே இருந்து, அதே ஊருக்கு அதே தொழிலைச் செய்துகொண்டு கிறிஸ்தவர்களாக வாழலாம் என்று எண்ணினார். சாதி சபைக்கு வெளியே நின்றுவிடவும் இல்லை. ஆந்திரக் கிராமங்களில் மாலர், மாதிகர் வழிபாட்டு இடங்கள் தனித்தனியே வளர்ந்ததை நாம் பார்க்கிறோம். தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்களில் சுவர் இருக்கும்போது அவர்களை மட்டும் குறை சொல்ல நமக்கு வாயில்லை.

முதல் மனைவி 1893இல் இறந்தார். இரண்டாம் மனைவி எம்மா ரௌஷன்புஷ், மாதிகரின் குடும்பக் கதைகளையும் குருமார் மரபையும் அவர்களிடமே கேட்டு 1899இல் ஒரு நூலாக எழுதினார். அன்று தோல் தைக்கும் மக்களின் நினைவை எழுத்தில் ஏற்ற வேண்டும் என்று நினைத்தவர்கள் மிகச் சிலர். இந்தப் பகுதியைப் படிக்கும் கல்லூரி மாணவர்கள் அந்நூலைத் தேடிப் பார்க்கலாம். கிளஃப் 1910இல் அமெரிக்காவின் ராசெஸ்டர் நகரில் காலமானார். ஒங்கோலில் அவர் பெயரில் மருத்துவமனை இருக்கிறது.

வெள்ளம்பள்ளியில் நனைந்தவர்களின் கொள்ளுப் பேரப்பிள்ளைகள், 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, கிறிஸ்தவர்கள் என்பதால் பட்டியல் சாதியினர் அல்லர். ஆந்திராவில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் 'சி' பிரிவில் வைக்கப்பட்டிருக்கிறார்கள். 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்த ஆணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்னும் திருத்தப்படவில்லை.