வளைந்த அச்சு, வளையாத உள்ளம்

இயந்திரம் ஆடினால் இறுக்கிக் கட்டு என்பதே நம்மில் பெரும்பாலோர் கொண்ட முடிவு. எங்கள் நாகலாபுரத்துப் பக்கத்து நெல் மில்களில் நான் கண்டதும் அதுவே. அடித்தளத்துக்கு மேலும் கான்கிரீட், இன்னும் தடித்த ஷாஃப்ட், கூடுதலாக நான்கு போல்ட்! மெதுவாகச் சுழலும் இயந்திரத்துக்கு இந்த வைத்தியம் பலிக்கும். அதிவேக இயந்திரத்துக்குப் பலிக்காது. அதற்கு மாற்று வழி கண்ட மேதை குஸ்டாவ் டி லாவால். இயந்திர அதிர்வைப் பாடமாகப் பயிலும் மாணவன் என்ற முறையில் அவர் வரலாற்றை மன்றத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

சுவீடன் நாட்டின் ஓர்சா என்னும் ஊரில் 1845ஆம் ஆண்டு மே 9ஆம் நாள் அவர் பிறந்தார். ஸ்டாக்ஹோமில் பொறியியல் கற்றார். உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் 1872இல் டாக்டர் பட்டம் பெற்றார். பாலிலிருந்து பாலாடை மேலே திரள மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அது. பாலைக் கலத்திலிட்டு வேகமாகச் சுழற்றினால் கனமான பால் ஓரத்துக்கு ஒதுங்கும், இலேசான பாலாடை நடுவில் சேரும். இந்தத் தத்துவத்தைக் கொண்டு 1878இல் அவர் செய்து காட்டிய பிரிபொறி உலகெங்கும் பரவியது.

அதைச் சுழற்ற வேகமான இயந்திரம் வேண்டுமே! நீராவியைச் சக்கரத்தின் மீது பாய்ச்சும் டர்பைனை அமைத்தார். நடுவில் குறுகிப் பின் விரியும் குழல்வழியே நீராவி ஒலியை விஞ்சிப் பாய்ந்தது. சக்கரம் நிமிடத்துக்கு 30,000 சுற்று சுழல வேண்டியதாயிற்று.

இங்கேதான் இடர். எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் சக்கரத்தின் எடைமையம் அச்சின் நடுவில் சரியாக அமையாது. அந்த வேகத்தில் மயிரிழை அளவு, அதாவது 0.1 மில்லிமீட்டர் விலகினாலும், சக்கரத்தின் எடையைப் போல் சுமார் 100 மடங்கு விசை பேரிங்குகளை உலுக்கும். அச்சின் இயல்பான அதிர்வோடு சுழற்சி ஒத்துப்போகும் வேகம் ஒன்று உண்டு. அதைத் தாண்டி எந்த அச்சும் நிலைத்துச் சுழலாது என்று ராங்கின் என்னும் பேரறிஞர் 1869இல் முடிவு கட்டியிருந்தார்.

லாவால் அச்சைத் தடிப்பாக்கவில்லை; மெல்லியதாக்கினார்! வேகம் ஏறும்போது அச்சு வளைந்து நடுங்கியது. அந்த ஆபத்தான வேகத்தைக் கடந்ததும் நடுக்கம் அடங்கியது. சக்கரம் தன் எடைமையத்தையே நடுவாகக் கொண்டு அமைதியாகச் சுழன்றது. வாஷிங் மெஷின் துணி பிழியும்போது முதலில் தடதடத்துப் பிறகு அடங்குவதும் இவ்வாறே. சுழற்சியில் எழும் பக்கவாட்டு விசையை ராங்கின் கணக்கில் சேர்க்கவில்லை. லாவால் கண்டது உண்மையே என்பதை 1895இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெப்பல் கணிதத்தால் நிறுவினார். இன்றும் அனல்மின் நிலையங்களின் பெரிய டர்பைன்களை 3,000 சுற்றுக்கு ஏற்றும்போது அந்த ஆபத்து வேகங்களில் நிற்கவிடாமல் விரைந்து கடத்துகிறார்கள்.

முப்பதுக்கு மேற்பட்ட கம்பெனிகளைத் தொடங்கிய லாவால், ஈட்டிய செல்வத்தையெல்லாம் புதுச் சோதனைகளிலேயே கரைத்தார். 1913 பிப்ரவரி 2ஆம் நாள் ஸ்டாக்ஹோமில் காலமானார். செல்வம் போயிற்று, செயல் நிற்கிறது. எங்கள் திருப்பதி மாவட்டத்திலேயே உள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ஒவ்வொரு ராக்கெட்டின் அடியிலும் அவர் கண்ட குழலே நெருப்பைக் கக்குகிறது.

தோழர்களே! தெலுங்கு மண்ணில் தமிழனாக வளர்ந்து, இன்று அந்த மண்ணையும் விட்டு வந்திருப்பவன் நான். புது ஊர், புது மொழி, புரியாத பாடம் என்று முதலாண்டில் நடுங்காதவர் நம்மில் யார்? மூட்டை கட்டும் எண்ணம் எனக்கும் வந்ததுண்டு. நடுங்கும் வேகத்தில் நின்றுவிட்டால் அச்சு முறியும். கடந்துவிட்டால் தன் மையம் தானே கிட்டும். விறைத்து நிற்பது மட்டுமே உறுதி அன்று. வளைந்து கொடுத்துக் கடந்து செல்வதும் உறுதியே!